புதுப்பிப்பு: நவம்பர் நடுவில் கியோட்டோவில் சிவந்த இலைகள் பார்த்தாயிற்று

நவம்பர் நடுவில்தான் விடுப்பு. அதற்குள் ஜப்பானின் கியோட்டோவில் மேப்பிள் மரங்கள் சிவந்திருக்குமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது டகாவோவுக்குப் போகச் சொன்ன யோசனைதான். நகரத்துக்கு வடமேற்கே உள்ள மலைப்பகுதி என்பதால் குளிர் முந்துகிறது, இலையும் முந்திச் சிவக்கிறது. கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பஸ்ஸில் ஏறக்குறைய 50 நிமிடம். நகருக்குள் தோஃபுகுஜி கோயில் மரங்கள் அப்போது பெரும்பாலும் பச்சையாகவே நின்றன. அங்கே நவம்பர் பிற்பகுதிதான் சரி. டகாவோவின் ஜிங்கோஜி கோயிலிலோ, வெயில் பட்ட ஒவ்வொரு இலையும் நரம்பு தெரியச் சிவந்திருந்தது. அப்படியொரு சிவப்பை நான் பார்த்ததே இல்லை.

எதிர்பாராதது படிகள். பஸ்ஸை விட்டு ஆற்றங்கரைக்கு இறங்கி, பிறகு ஏறக்குறைய 400 கற்படிகள் ஏற வேண்டும். முழங்கால் வலியுள்ள அம்மா பாதி வழியில் தேநீர்க் கடையில் அமர்ந்துகொண்டார். அங்கிருந்தும் காட்சிக்குக் குறைவில்லை. கோயிலின் கோடியில் சிறு மண்தட்டுகளை வாங்கிப் பள்ளத்தாக்கில் வீசுகிறார்கள். கெடுதல் அதோடு போய்விடும் என்பது நம்பிக்கை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

மலை மறைப்பதால் பிற்பகலிலேயே வெளிச்சம் குறைந்துவிடுகிறது. காலை பஸ்ஸிலேயே கிளம்பிவிடுங்கள்.