ராத்திரி போனை அடுப்படியில் வைப்பது ஆகிற காரியமா?

பாளைக்காரன்:
எங்கள் வீட்டில் ஒரு மாதமாக ஒரு சட்டம். ராத்திரி 9 மணி ஆனால் எல்லா போனும் அடுப்படி அலமாரிக்குப் போய்விடும், என்னுடையதும்தான். எழுப்பிவிட ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிவிட்டேன். முதல் நாலு நாள் கை தானாகத் தலையணைக்கு அடியில் துழாவியது. இப்போது பத்தரைக்கே தூக்கம் வருகிறது. எல்லா வீட்டிலும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

மேலப்பாளையத்துப் பெண்:
அண்ணாச்சி, உங்கள் வீட்டுக்குச் சரி. எங்கள் உம்மா பீடி சுற்றுகிறவர்கள். கை இலையிலும் தூளிலும் இருக்கும், காது போனில் இருக்கும். முன்பு அந்த இடத்தில் ரேடியோ இருந்தது. இலங்கை வானொலியைக் கேட்டுக்கொண்டேதான் ஆயிரம் பீடியை எண்ணி முடிப்பார்களாம். அதை யாரும் நோய் என்று சொல்லவில்லையே? இன்னொன்று, துபாயில் இருக்கும் தம்பிக்கு வேலை முடிய எட்டரை ஆகும். அப்போது நமக்கு மணி பத்து. அலமாரிக்குள் கிடக்கிற போனை யார் எடுப்பது?

பாளைக்காரன்:
ரேடியோவும் இதுவும் ஒன்றா தங்கச்சி? நிலையத்தில் ஒலிபரப்பு முடிந்தால் ரேடியோ தானே ஓய்ந்துவிடும். இதில் ஒரு வீடியோ முடியும் முன்பே அடுத்தது வந்து நிற்கிறது. அடிமுடி இல்லாமல் உருண்டுகொண்டே போகும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஆஸா ரஸ்கினே பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டார். போதாததற்கு, திரை வெளிச்சம் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பதையும் தள்ளிப்போடுகிறது.

டவுன் வாத்தியார்:
ரெண்டு பேரும் பெரியவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதுவும் குறையக் குறைய நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. எங்கள் வீட்டிலோ பேரன் போனைப் பார்த்தால்தான் வாயைத் திறக்கிறான். பழக்கிவிட்டது யார்? சாட்சாத் அவன் ஆச்சி! நான் வாயைத் திறந்தால் எனக்குச் சோறு கிடைக்காது.

மேலப்பாளையத்துப் பெண்:
வீடியோ தானாக ஓடுவது பற்றி அண்ணாச்சி சொன்னது சரிதான். நேற்றே அதை நிறுத்திவிட்டேன். உம்மா இப்போது போனைக் குப்புறப் போட்டுத்தான் கேட்கிறார்கள். ஒன்று முடிந்தால் அடுத்ததைப் போடக் கையைத் துடைக்க வேண்டும், அதற்குச் சோம்பல்பட்டே பாதி நேரம் சும்மா இருக்கிறார்கள். ஆனால் தம்பி விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பட்டன் போன் போதும் என்று சொல்லாதீர்கள். உம்மாவுக்கு அவன் முகத்தைப் பார்க்கணும்.

பாளைக்காரன்:
மணிச் சத்தத்தைக் கூட்டி அடுப்படியிலேயே வையுங்கள். அவன் கூப்பிட்டால் அங்கேயே நின்று பேசிவிட்டு வரட்டும்.

மேலப்பாளையத்துப் பெண்:
நின்றுகொண்டா? உம்மாவுக்கு முட்டுவலி அண்ணாச்சி. சரி, ஒரு ஸ்டூல் போட்டுப் பார்க்கிறேன்.