டார்க்விஷனைத் தூக்கிவிட்டேன். தப்பா?

தீவட்டி:

நான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவன். ஓட்டுவது டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் மேஜை விளையாட்டு, ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். பார்ட்டியில் ஐந்து பேர்: எல்ஃப், ட்வார்ஃப், ஹாஃப்-ஆர்க், டீஃப்லிங், அப்புறம் ஒரே ஒரு மனிதன். முதல் நாலு இனத்துக்கும் டார்க்விஷன் உண்டு, அதாவது இருட்டில் 60 அடி வரை தெரியும். மனிதனுக்குத் தெரியாது. அவன் பந்தம் கொளுத்தினால் "அணைடா, நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்" என்று நாலு பேரும் சேர்ந்து அதட்டுவார்கள்.

போன வாரம் கைவிடப்பட்ட ஒரு சுரங்கம். மையிருட்டு, எங்கோ சொட்டும் நீர், பின்னால் யாரோ மூச்சு விடுவது போன்ற சத்தம் என்று ஐந்து நிமிடம் விவரித்தேன். முடித்ததும் எல்ஃப் சொன்னார்: "எனக்கு டார்க்விஷன் இருக்கு." அவ்வளவுதான், பொசுக்கென்று போய்விட்டது.

அதனால் அடுத்த கேம்பெய்னில் (தொடர்கதையாக ஓடும் ஆட்டத்தில்) ஆட்டக்காரர்கள் யாருக்கும் டார்க்விஷன் கிடையாது, மான்ஸ்டர்களுக்கு மட்டும் உண்டு என்று அறிவித்தேன். ட்வார்ஃப் ஆடுபவரும் டீஃப்லிங் ஆடுபவரும் மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

குகைவாசி:

நான் எப்போதும் ட்வார்ஃப் ஆடுகிற கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரச்சினை டார்க்விஷனில் இல்லை. இருக்கிற விதியை நீங்கள் ஓட்டவே இல்லை.

டார்க்விஷன் இருட்டைப் பகலாக்குவதில்லை. முழு இருட்டை மங்கலாக்குகிறது, அவ்வளவுதான். மங்கலில் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிய எதற்கும் பெர்செப்ஷன் (கவனிக்கும் திறன்) உருட்டல் டிஸ்அட்வான்டேஜில்தான், அதாவது பகடையை இரண்டு தடவை உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும். உருட்டாமலே கணக்கில் வரும் பாஸிவ் பெர்செப்ஷனில் 5 குறையும். 13 வைத்திருக்கும் ட்வார்ஃப் வெளிச்சம் இல்லாமல் நடந்தால் 8. கணுக்கால் உயரத்தில் கட்டிய கம்பியைக் கண்டுபிடிக்க 12 வேண்டும் என்றால் அவர் நேராகப் போய் அதில் கால் வைப்பார். இதை இரண்டு தடவை நடத்திக் காட்டுங்கள், மூன்றாவது தடவை அவரே பந்தம் கேட்பார்.

மான்ஸ்டருக்கும் இதே கணக்கு. கோப்ளின் என்ற குட்டி மான்ஸ்டருக்கு பாஸிவ் 9. இருட்டில் காவலுக்கு நிறுத்தினால் 4. தூணுக்குப் பின்னால் பதுங்கி வருகிறவனை அது எங்கே பார்க்கப்போகிறது? கொஞ்சம் புத்தியுள்ள கோப்ளின் தலைவன் காவல் வாசலில் தீ மூட்டித்தான் வைப்பான். விதியை ஒழுங்காகப் படித்தாலே உலகம் இப்படித் தானாக அமைகிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எதற்கு?

தீவட்டி:

விதி தெரியும். ஒவ்வொரு அறையிலும் "நீ எவ்வளவு தூரத்தில் நிற்கிறாய், அங்கே மங்கலா இருட்டா" என்று கணக்குப் பார்த்தால் ஆட்டம் எப்போது நடப்பது?

குகைவாசி:

பந்தம் எத்தனை நிமிடம் எரிந்தது, யார் கையில் இருக்கிறது, எத்தனை மிச்சம் என்று கணக்குப் பார்க்க மட்டும் நேரம் இருக்கிறதாக்கும்?

மனுசப்பய:

அந்த ஒற்றை மனிதனைப் போல் பல பார்ட்டிகளில் இருந்தவன் பேசுகிறேன். 2014 புத்தகத்தில் ஒன்பது இனம். டார்க்விஷன் இல்லாதவை மனிதன், ஹாஃப்லிங், ட்ராகன்பார்ன் மூன்றே மூன்று. நாங்கள்தான் சிறுபான்மை.

டிஎம் விவரிப்பார், நான் கேட்பேன், கடைசியில் "நீ எதையும் பார்க்கவில்லை" என்பார். ஒரு மணி நேரம் எல்ஃபின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல என்பார்கள், எனக்குக் கட்டுகூடத் தேவைப்படவில்லை. எல்லோரும் ஒரே நிலையில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கும் தோன்றும்.

ஆனால் தீவட்டி, ஒன்று கேட்கிறேன். லைட் கேன்ட்ரிப்பை, அந்தக் குட்டி வெளிச்ச மந்திரத்தை, என்ன செய்தீர்கள்? விஸர்ட், க்ளெரிக், பார்ட், ஸார்ஸரர் என்ற நாலு மந்திரக்கார வகுப்புக்கும் அது கிடைக்கும். பந்தம் மாதிரியே 20 அடி நல்ல வெளிச்சம், அடுத்த 20 அடி மங்கல். ஒரு மணி நேரம் நிற்கும், போனால் செலவில்லாமல் மறுபடி போடலாம். அதை விட்டுவைத்துவிட்டு டார்க்விஷனை மட்டும் எடுத்தால், கோபப்பட்ட இரண்டு பேர் மிச்சம், இருட்டு மிச்சமில்லை.

தீவட்டி:

அது... யோசிக்கவில்லை.

ராக்கோழி:

எனக்கு −5ஐ விட நிறம்தான் பெரிய ஆயுதம். டார்க்விஷனில் முழு இருட்டில் நிறம் தெரியாது, எல்லாம் சாம்பல். இந்த ஒரு வரியைப் பல டிஎம்கள் படித்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

நான் ஓட்டிய ஒரு ஆட்டம். நாலு பேர், நாலு பேருக்கும் டார்க்விஷன், ஒருவரிடமும் பந்தம் இல்லை, லைட்டும் யாரும் எடுக்கவில்லை. மேல்தளத்தில் கிடைத்த துண்டுச் சீட்டில் "பச்சையை மட்டும் தொடு" என்று இருந்தது. கீழ்த்தளத்தில் பூட்டிய கதவு, பக்கத்தில் வரிசையாக நாலு கண்ணாடிக் குமிழ்.

"முதல் குமிழ் என்ன நிறம்?"

"சாம்பல்."

"இரண்டாவது?"

"அதுவும் சாம்பல். கொஞ்சம் வெளிறிய சாம்பல்."

ஒருவர் சிரித்தார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. நான்கு பையையும் கவிழ்த்துப் பார்த்தார்கள். நெருப்புப் பெட்டி இருக்கிறது, கொளுத்தத்தான் ஒன்றும் இல்லை. கடைசியில் பார்டின் மேலங்கியைக் கிழித்து, ஒரு கம்பில் சுற்றிப் பற்றவைத்தார்கள். அந்த வெளிச்சத்தில் பச்சைக் குமிழ் தெரிந்தது. இவ்வளவு நேரம் கணுக்கால் வரை நனைத்துக்கொண்டு நின்றது தண்ணீர் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அந்த பார்ட்டி பந்தம் இல்லாமல் எங்கும் போனதில்லை. நான் எந்த விதியையும் மாற்றவில்லை.

பழையபெட்டி:

ராக்கோழி, அந்தத் தண்ணீர் விஷயத்துக்கு ஒரு கும்பிடு.

கொஞ்சம் பழங்கதை. 1974இல் வந்த முதல் டி அண்ட் டியில் தீவட்டி கேட்கிறதை விட அநியாயமான ஒரு விதி இருந்தது. பாதாளத்தில் மான்ஸ்டர்களுக்கெல்லாம் இருட்டில் கண் தெரியும், ஆனால் ஆட்டக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்த மான்ஸ்டருக்கு அந்தக் கண் போய்விடும். சம்பளம் வாங்கினால் பார்வை அவுட்! இருட்டு அப்போது டிஎம்மின் கட்சியில் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. 1981 பதிப்பில் பத்து நிமிடம் ஒரு டர்ன், ஒரு பந்தம் ஆறு டர்ன். ட்வார்ஃபுக்கும் எல்ஃபுக்கும் 60 அடி இன்ஃப்ராவிஷன் (அந்தக் கால இருட்டுக்கண்) இருந்தும் நாங்கள் தாளில் கோடு போட்டுப் பந்தத்தை எண்ணிக்கொண்டுதான் இருந்தோம்.

அட்வான்ஸ்ட் டி அண்ட் டி காலத்தில் அந்த இன்ஃப்ராவிஷன் வெப்பத்தைப் பார்க்கும் கண். யோசித்துப் பாருங்கள்: உயிருள்ளவன் ஒளிர்வான், எலும்புக்கூடு சுவரோடு சுவராக இருக்கும், பக்கத்தில் பந்தம் எரிந்தால் உங்கள் கண்ணே கெட்டுப்போகும். அருமையான யோசனை, மேஜையில் அருமையான தலைவலி. "இப்போதுதான் செத்த உடம்பு எத்தனை நிமிடம் தெரியும்?" என்று ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். 2000இல் மூன்றாம் பதிப்பு அதை ஒழித்து டார்க்விஷனைக் கொண்டுவந்தது. ஆனால் எல்ஃபுக்கு அதைக் கொடுக்கவில்லை. லோ-லைட் விஷன் என்று தனியாக ஒன்று. நிலா வெளிச்சத்தில் மனிதனை விட இரு மடங்கு தூரம் தெரியும், முழு இருட்டில் அவளும் குருடுதான். பூனைக்கண் மாதிரி.

என்னைக் கேட்டால் ஐந்தாம் பதிப்பு செய்த தப்பு அங்கேதான். இரண்டையும் ஒன்றாகக் கலந்து எல்லோருக்கும் ஊற்றிவிட்டது. தீவட்டி, ட்வார்ஃபிடமிருந்து பிடுங்காதீர்கள், அவர் பாறைக்குள் பிறந்தவர். எல்ஃபுக்கும் டீஃப்லிங்குக்கும் லோ-லைட்டாக மாற்றுங்கள்.

குகைவாசி:

ட்வார்ஃப் பற்றிச் சொன்னதை வழிமொழிகிறேன். 😀

தீவட்டி:

டீஃப்லிங் ஆடுபவரிடம் இதை நீங்கள்தான் வந்து சொல்ல வேண்டும்.

என் பக்கத்தையும் கேளுங்கள். 2023இல் வந்த ஷேடோடார்க் என்ற இன்னொரு ஆட்டத்தை விளையாடினேன், அதில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. அதில் எந்த ஆட்டக்காரருக்கும் இருட்டில் கண் தெரியாது. பந்தம் ஒரு மணி நேரம் எரியும், அதுவும் நிஜக் கடிகாரத்தில் ஒரு மணி. மேஜையில் டைமர் ஓடுகிறது. வழக்கமாகக் கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று இருபது நிமிடம் வாதாடும் ஆட்கள் அன்று "சீக்கிரம், சீக்கிரம்" என்றார்கள். டைமரில் நாலு நிமிடம் இருக்கும்போது ஒருத்தி குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தாள். நான் சொல்லவில்லை, தானாக. எனக்கு அது வேண்டும்.

குகைவாசி:

வேண்டுமென்றால் அந்த ஆட்டத்தையே ஓட்டுங்களேன். விளக்கை வைத்துக்கொண்டு ஏன் நெருப்புக்கு அலைகிறீர்கள்? அங்கே லைட் ஒரு ஸ்பெல், உருட்டிப் போட வேண்டும், தோற்றால் ஓய்வெடுக்கும் வரை போய்விடும். சுமக்கும் பொருளுக்கும் இடக்கணக்கு உண்டு, பந்தம் அதில் இடம் பிடிக்கும். எல்லாம் ஒன்றோடு ஒன்று கோத்தது. ஐந்தாம் பதிப்பில் பந்தம் ஒரு செப்புக்காசு, ஒரு பவுண்டு எடை, டன்ஜனியர் பேக் என்ற சாமான் மூட்டை வாங்கினால் பத்து சும்மா வருகிறது. டைமரை மட்டும் பிடுங்கி இங்கே நட்டால் வேர் பிடிக்காது.

இன்னொன்று, யாரும் சொல்லவில்லை. டார்க்விஷன் உள்ளவர்தான் பந்தத்தால் அதிகம் லாபம் அடைவார். பந்தத்தின் முதல் 20 அடி எல்லோருக்கும் நல்ல வெளிச்சம். அடுத்த 20 அடி மனிதனுக்கு மங்கல், ட்வார்ஃபுக்கு அதுவும் நல்ல வெளிச்சம். அதற்கு அப்பால் 60 வரை மங்கல். அதாவது மனிதன் பிடித்த பந்தத்தில் ட்வார்ஃப் 40 அடி −5 இல்லாமல், நிறத்தோடு பார்க்கிறார். அணைக்கச் சொன்ன நாலு பேரும் தங்கள் கண்ணைத் தாங்களே குத்திக்கொண்டார்கள்.

மனுசப்பய:

இது தெரிந்திருந்தால் அந்த எல்ஃபிடம் தோளுக்கு வாடகை கேட்டிருப்பேன்.

பழையபெட்டி:

வெளிச்சம் காட்டிக்கொடுக்கும் என்பதும் பொய் இல்லை. நேரான சுரங்கத்தில் பந்தம் எரிந்தால் 120 அடிக்கு அப்பால் நிற்கும் ட்ராவுக்கு (பாதாள எல்ஃபுக்கு) நீங்கள் தெரிவீர்கள், அவன் உங்களுக்குத் தெரிய மாட்டான். அதற்குத்தான் மூடி வைத்த லாந்தர். மூடியை இறக்கினால் 5 அடி மங்கல் மட்டும். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று முடிவெடுப்பதுதான் ஆட்டமே.

தீவட்டி, பந்தம் அணைந்த பிறகு "கண் பழகிவிட்டதா" என்று யாராவது கேட்டால் ஏமாறாதீர்கள். கண்ணின் குச்சி செல்கள் முழுதாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும், அதுவும் கொஞ்சமாவது ஒளி இருந்தால்தான் பயன். ஆழமான குகையில் ஒளியே இல்லை. பூனைக்கும் அங்கே தெரியாது.

ராக்கோழி:

அந்தக் குகையில் இரண்டு குருடர்கள் சண்டை போட்டால் என்ன ஆகும் தெரியுமா? எதிரி தெரியாததால் டிஸ்அட்வான்டேஜ், எதிரிக்கு நம்மைத் தெரியாததால் அட்வான்டேஜ் (இரண்டு உருட்டலில் பெரியது). இரண்டும் அடித்துக்கொண்டு போய், நட்ட நடுப்பகலில் சண்டை போடுகிற அதே உருட்டல். ஐந்தாம் பதிப்பின் இருட்டைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

தீவட்டி:

சரி. அறிவிப்பை வாபஸ் வாங்கிவிட்டேன், ஒரு மாதத்துக்கு மட்டும். டார்க்விஷன் இருக்கும். −5, சாம்பல் நிறம் இரண்டையும் முகம் பார்க்காமல் ஓட்டுவேன். லைட் கேன்ட்ரிப்பை எண்ணித்தான் போட முடிகிற முதல் நிலை ஸ்பெல்லாக்கப் போகிறேன். க்ளெரிக் ஆடும் ட்வார்ஃப் அதற்கும் முறைக்கிறார், முறைக்கட்டும். குகைவாசி, உங்கள் வாதம் முழுக்கச் சரி என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தத் தாழ்ந்த குரல் வராவிட்டால் மறுபடி தூக்கிவிடுவேன்.

குகைவாசி:

லைட்டை ஸ்பெல்லாக்குவதும் வீட்டு விதிதான். ஞாபகம் இருக்கட்டும்.

மனுசப்பய:

அந்த ஒற்றை மனிதனிடம் லாந்தர் ஒன்றும் எண்ணெய் நாலு குடுவையும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஒரு குடுவைக்கு ஆறு மணி நேரம். யார் கேட்டாலும் சும்மா கொடுக்க வேண்டாம்.