சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3-ஆ, கேனான் ஜி7எக்ஸ் மார்க் 2-ஆ? நடுகல், கல்வெட்டு எடுக்க எது வாங்கலாம்

செங்கம்_சைக்கிள்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா இதே யோசனையா இருக்கேன், இங்க கேட்டா தெளிவு கிடைக்கும்னு வந்திருக்கேன்.

நான் திருவண்ணாமலை பக்கம் பள்ளிக்கூடத்துல வேலை பாக்குறேன். ஞாயித்துக்கிழமை ஆனா நாங்க மூணு பேரு வண்டிய எடுத்துட்டு செங்கம், தண்டராம்பட்டு பக்கம் நடுகல் பாக்க கிளம்பிடுவோம். எங்க ஏரியாவுல பல்லவர் காலத்து நடுகல்லே அத்தனை இருக்கு, வயக்காட்டு ஓரம், ஏரிக்கரை, புளியமரத்தடின்னு. இதுவரைக்கும் போன்லதான் எடுத்துட்டு இருந்தேன். பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எழுத்த பெருசு பண்ணி பாத்தா போன் அதுவா ஷார்ப் பண்ணி வச்சிருக்கு, கல்லோட சொரசொரப்பு எது எழுத்தோட கோடு எதுன்னே தெரியல. எனக்கு படிச்சு சொல்ற பெரியவர் ஒருத்தர் இருக்கார், அவர் ஒவ்வொரு தடவையும் "இது ப-வா வ-வா, இன்னும் கொஞ்சம் தெளிவா இல்லியா"ன்னு கேக்குறார். வட்டெழுத்துல, அதான் அந்த கல்லுல இருக்க பழைய தமிழ் எழுத்துல, அது ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான இருக்கும், அந்த ஒரு வளைவு தெரியலன்னா ஊர் பேரே மாறிப்போயிடுது.

அதனால பாக்கெட்ல போடுற மாதிரி ஒரு கேமரா வாங்கணும். பெரிய டிஎஸ்எல்ஆர் வேணாம், வண்டில தூக்கிட்டு போறதும் கஷ்டம், கிராமத்துல பெரிய கேமராவ பாத்தாலே எந்த சேனல்னு கேக்குறாங்க. பட்ஜெட் 42 ஆயிரம். செகண்ட் ஹேண்ட்தான் கட்டுப்படியாகும். ரெண்டு கேமரா கிடைச்சிருக்கு, சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3 வந்து 29 ஆயிரம் சொல்றாங்க, கேனான் ஜி7எக்ஸ் மார்க் 2 வந்து 41 ஆயிரம் சொல்றாங்க. ரெண்டுமே பாக்க சுத்தமா இருக்கு. வீடியோ எனக்கு தேவையே இல்ல. 12 ஆயிரம் கூட குடுக்குற அளவுக்கு கேனான்ல ஏதாவது இருக்கா? வச்சிருக்கவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பல்லாவரம்_பாக்கெட்கேமரா:

சார், நான் மார்க் 3-ய ஏழு வருஷமா வச்சிருக்கேன், அதனால என் பேச்சு கொஞ்சம் சோனி பக்கம் சாயும், அத மனசுல வச்சுட்டு படிங்க.

மொதல்ல படத்தோட தரம்னு பாத்தா ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. ரெண்டுலயும் 1 இன்ச் சென்சார்தான், 13.2 x 8.8 எம்எம், 20.1 மெகாபிக்சல். லென்ஸ் திறப்பும் (எஃப் நம்பர், சின்னதா இருந்தா வெளிச்சம் நெறைய வரும்) ரெண்டுலயுமே ஜூம் இல்லாம எஃப் 1.8, முழு ஜூம்ல எஃப் 2.8. ரா ஃபைல், அதாவது கேமரா எதையும் திருத்தாம அப்படியே குடுக்குற படம், ரெண்டுலயும் வரும், நீங்க சொல்ற அந்த போன் ஷார்ப்னஸ் தொல்லைக்கு ரா எடுத்தாலே பாதி தீந்துடும். சோனி 2014-ல வந்தது, கேனான் 2016-ல வந்தது, ரெண்டு வருஷம் புதுசுங்கறதுக்காக கல்லுல எழுத்து கூட தெரிஞ்சிடாது.

நெசமான வித்தியாசம் வ்யூஃபைண்டர், அதான் கண்ண வச்சு படத்த பாக்குற சின்ன ஜன்னல். சோனில மேல இருந்து டக்குனு ஒண்ணு எழும்பி வரும், கண்ணு வைக்குற பாகத்த கையால பின்னாடி இழுத்துக்கணும், கேனான்ல அது கிடையவே கிடையாது. உங்க ஊரு வெயில்ல பகல் 11 மணிக்கு வயக்காட்டுல நின்னு ஸ்க்ரீன பாத்தா உங்க மூஞ்சிதான் தெரியும், எழுத்து மேல ஃபோகஸ் விழுந்துச்சான்னு அதுல எப்படி பாப்பீங்க? எனக்கு அந்த ஒண்ணுக்காகவே இந்த கேமரா போதும்னு இருக்கு. கண்ணாடி போடுறவரா இருந்தா பக்கத்துல சின்னதா ஒரு தள்ளு இருக்கும், அத தள்ளி உங்க பவருக்கு சரி பண்ணிக்கலாம்.

குறையும் சொல்லிடுறேன். டச் ஸ்க்ரீன் இல்ல. பாடி வழுவழுன்னு சோப்பு மாதிரி இருக்கும், ஒட்டுற ரப்பர் கிரிப் ஒண்ணு வாங்கி ஒட்டிடுங்க, கைக்கயிறு இல்லாம எடுக்காதீங்க. வ்யூஃபைண்டர உள்ள அழுத்துனா கேமராவே ஆஃப் ஆயிடும், எனக்கு பழகவே ஒரு மாசம் ஆச்சு. பேட்டரி கம்பெனி கணக்குப்படி 320 படம், கேனானுக்கு 265. எதுவா இருந்தாலும் ரெண்டாவது பேட்டரி ஒண்ணு வேணும்.

மலைமேல்_மதுரை:

அண்ணே நான் கேனான் ஆளு. பல்லாவரம் அண்ணன் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா ஜூம விட்டுட்டாரு. சோனி 24-ல இருந்து 70 எம்எம் வரைக்கும்தான், கேனான் 24-ல இருந்து 100 வரைக்கும். நம்பர்ல சின்ன வித்தியாசமா தெரியும், மாங்குளம் மலைல ஏறி நின்னு பாத்தா தெரியும் அது எவ்வளவுன்னு. அங்க தமிழி எழுத்து, அதான் தமிழ் பிராமி, குகையோட நெத்தில, மழைத்தண்ணி வடியாம இருக்க வெட்டுன அந்த விளிம்புகிட்ட இருக்கு, கிட்ட போய் எடுக்க வழியே கிடையாது, கீழ நின்னு அண்ணாந்துதான் எடுக்கணும். அங்க 70 பத்தவே பத்தாது. கோயில் விமானத்துல மேல் தளத்து சிற்பம் எடுக்கணும்னாலும் இதே கததான்.

அப்புறம் டச். சொரசொரப்பான பாறைல கேமரா எங்க ஃபோகஸ் பண்ணும்னே சொல்ல முடியாது, செடி ஒண்ணு முன்னாடி ஆடுனா அதப் பிடிச்சிக்கும். கேனான்ல எழுத்து மேல வெரல வச்சா அங்கயே பிடிக்கும். இன்னொண்ணு, போன்ல இருக்க கேனான் ஆப்போட சேத்துட்டா படத்துல ஜிபிஎஸ் இடக்குறிப்பு ஏத்திக்கலாம். நூறு கல்லு எடுத்துட்டு வீட்டுக்கு வந்து எது எந்த ஊருன்னு மண்டைய பிச்சிக்காம இருக்கலாம். புடிக்கிறதுக்கும் முன்னாடி ரப்பர் பிடி இருக்கு, கீழ விழாது.

ஒண்ணு மட்டும் சோனிக்கு விட்டுக்குடுக்கணும். முழு ஜூம்ல வச்சு கிட்ட போறப்போ சோனி 30 செமீ வரைக்கும் ஃபோகஸ் ஆகும், கேனான் 40 செமீல நின்னுடும். ஆனா 100-ல 40 செமீல நின்னாலே எழுத்து நல்லா பெருசா வரும், அது ஒரு பிரச்சனையா இருந்ததில்ல எனக்கு.

கல்லெழுத்துக்_கிழவர்:

தம்பி, நான் கேமரா ஆள் இல்ல, முப்பது வருஷமா மைப்படி (கல்லுமேல தாள ஒட்டி மை தடவி எழுத்த நகல் எடுக்குறது) எடுக்குறவங்களோட சுத்துறவன். உங்க கேள்விய படிச்சதும் ஒண்ணு கேக்கணும்னு தோணுச்சு. நீங்க எந்த நேரத்துல போட்டோ எடுக்குறீங்க? காலைல கிளம்பி, டீ குடிச்சு, ஊர் தேடி போய் சேர பத்து பதினோரு மணி ஆகுது, அப்பதான எடுக்குறீங்க? அந்த நேரத்துல எந்த கேமரா வச்சு எடுத்தாலும் ப-வும் வ-வும் ஒண்ணாத்தான் தெரியும். பல்லவர் கால நடுகல்லுல பல எழுத்து ரொம்ப மேலாக வெட்டுனது, போதாததுக்கு ஆயிரத்து முன்னூறு நானூறு வருஷ மழை வேற. அதுல எழுத்து தெரியறதே நிழல்லதான். வெளிச்சம் நேரா மேல இருந்தோ முன்னாடி இருந்தோ விழுந்தா பள்ளத்துல நிழல் விழாது, கல்லு வெறும் கல்லாத்தான் தெரியும். கேமரால இருக்க ஃப்ளாஷும் அதே தப்பத்தான் பண்ணும், அத அமத்தி வைங்க.

வெளிச்சம் கல்லோட தளத்த உரசிட்டு பக்கவாட்டுல வரணும். சூரியன் கல்லுக்கு பக்கவாட்டுல சாஞ்சு வர்ற நேரம் கிடைச்சா அதிர்ஷ்டம், ஆனா ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு திசை பாத்து நிக்கும், எல்லாத்துக்கும் அந்த நேரம் அமையாது. நீங்க மூணு பேரு போறீங்கன்னு சொன்னீங்களே, அது ரொம்ப நல்லதா போச்சு. வெயில்ல ஒருத்தர் போர்வையோ பெரிய குடையோ பிடிச்சு கல்லு முழுக்க நிழல் ஆக்கணும். இன்னொருத்தர் ஒரு முழ நீளக் கண்ணாடிய வெயில்ல பிடிச்சு அந்த ஒளிய கல்லோட பக்கத்துல இருந்து உரசுற மாதிரி திருப்பணும். நீங்க எடுங்க. கண்ணாடிய எடது பக்கம், வலது பக்கம், மேல, கீழன்னு மாத்தி மாத்தி நாலு படம் எடுங்க, ஏன்னா படுக்கை கோடு மேல கீழ வெளிச்சத்துலதான் தெரியும், செங்குத்து கோடு பக்கவாட்டு வெளிச்சத்துலதான் தெரியும். ஒரே எழுத்து நாலு படத்துலயும் வேற வேற மாதிரி நிக்கும், நாலையும் பக்கத்துல வச்சு பாத்தா உங்க பெரியவருக்கு சந்தேகம் பாதி தீரும். சாயங்காலம் இருட்டுனப்புறம்னா கண்ணாடிக்கு பதிலா நல்ல எல்ஈடி டார்ச் ஒண்ணு போதும்.

எடுக்கும்போது கல்லுக்கு நேரா நில்லுங்க, கிட்டப்போய் 24-ல எடுத்தா ஓரத்து எழுத்தெல்லாம் இழுபட்டு போகும், கொஞ்சம் பின்னாடி போய் 70-ல எடுங்க. 10 செமீ அளவுகோல் ஒண்ணு ஓரத்துல வச்சு ஒரு படமாவது வேணும். கல்லு மேல மைதா மாவு, சாக்பீஸ் தூள், விபூதி எதுவும் தேய்க்காதீங்க, கெஞ்சி கேட்டுக்குறேன், தேய்ச்சு தேய்ச்சே எழுத்து போன கல்லு எத்தனையோ பாத்துட்டேன். தூசி இருந்தா மெத்துனு ஒரு பிரஷும் வெறும் தண்ணியும் போதும். நெறைய கல்லு இன்னிக்கும் வேடியப்பனா கும்பிடுற சாமி, ஊர்ல ஒருத்தர கேட்டுட்டு தொடுங்க.

ரெண்டுல எது வாங்குனாலும் எனக்கு சம்மதந்தான். ஆனா என் கைல 41 ஆயிரம் இருந்தா 29 ஆயிரத்துக்கு கேமரா வாங்கிட்டு மீதில நல்ல டார்ச், கண்ணாடி, சின்ன ட்ரைபாட், பெட்ரோல்னு போட்டு இன்னும் பத்து ஊர் பாப்பேன்.

பல்லாவரம்_பாக்கெட்கேமரா:

ஐயா சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல, செட்டிங் மட்டும் சொல்றேன். ஏ மோட்ல, அதாவது லென்ஸ் திறப்ப மட்டும் நாம வைக்குற மோட்ல, வச்சு எஃப் 4-ல இருந்து 5.6-க்குள்ள எடுங்க. 8, 11-னு போகாதீங்க, இந்த அளவு சென்சார்ல அங்க போனா படம் மழுங்க ஆரம்பிச்சிடும், நெறைய பேரு பெரிய நம்பர் வச்சா ஷார்ப்பா வரும்னு நெனச்சு வச்சிடுறாங்க. ட்ரைபாட் வச்சா ஐஎஸ்ஓவ (ஏத்துனா படத்துல புள்ளி புள்ளியா வரும்) 125-லயே நிறுத்தி, 2 செகண்ட் டைமர் போட்டு விட்டுட்டு நீங்க டார்ச்ச பிடிச்சுக்கலாம். ஆனா மத்திய தொல்லியல் துறை பராமரிக்குற இடத்துல ட்ரைபாட் வைக்க தனியா அனுமதி வாங்கணும், அங்க ஒரு சின்ன துணிப்பைல அரிசி போட்டு அது மேல கேமராவ வச்சு எடுத்துப்பேன் நான்.

திருப்பூர்_ஸ்பேர்பார்ட்ஸ்:

செகண்ட் ஹேண்ட் வாங்குறீங்கன்னா எது வாங்குனாலும் இத பாருங்க, நான் ஒரு தடவ ஆன்லைன்ல பாக்காம வாங்கி 18 ஆயிரம் போச்சு, லென்ஸ் உள்ள முழுக்க தூசி, திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க. இந்த மாதிரி வெளிய நீண்டு உள்ள போற லென்ஸ் காத்த இழுக்கும்போது தூசியயும் இழுத்துக்கும். வெள்ளச் சுவர எஃப் 11 வச்சு ஜூம் பண்ணி ஒரு படம் எடுங்க, கருப்பு புள்ளி தெரிஞ்சா தூசி இருக்குன்னு அர்த்தம். ஆன் ஆஃப் பத்து தடவ பண்ணுங்க, லென்ஸ் வெளிய வரும்போது கர்ருனு சத்தமோ திக்குறதோ இருந்தா வேணவே வேணாம். ஸ்க்ரீன மேல கீழ மடக்கி பாருங்க, மடக்கும்போது படம் மினுங்குனா உள்ள இருக்க ரிப்பன் கேபிள் போகப்போகுது. சோனின்னா வ்யூஃபைண்டர் எழும்புதா, உள்ள படம் தெரியுதான்னு கட்டாயம் பாருங்க. சார்ஜர் தரலன்னா பயப்படாதீங்க, ரெண்டுமே மைக்ரோ யூஎஸ்பி வழியா கேமராவுக்குள்ளயே சார்ஜ் ஏறும், பவர் பேங்க் போதும்.

மலைமேல்_மதுரை:

ஐயா சொன்ன கண்ணாடி வித்தைய போன மாசமே யாராவது சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு தடவ மலை ஏறுற வேலை மிச்சமாயிருக்கும். செங்கம் அண்ணே, உங்க ஊருப்பக்கம் நடுகல் எல்லாம் தரைலதான நிக்குது? அப்படின்னா 100 எம்எம் உங்களுக்கு அவ்வளவு அவசியம் இல்ல, நான் என் மலைய வச்சு பேசிட்டேன். சோனிய பாருங்க.

செங்கம்_சைக்கிள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு நெனைக்கல. ஐயா நேரத்த பத்தி சொன்னது அப்படியே உண்மை, நான் பழைய போட்டோவெல்லாம் எடுத்து பாத்தேன், எல்லாமே பத்தரைக்கு மேல பன்னெண்டரைக்குள்ள எடுத்தது.

சனிக்கிழமை போய் சோனிய பாத்துட்டேன். திருப்பூர் நண்பர் சொன்ன மாதிரியே வெள்ளச் சுவர், ஆன் ஆஃப், ஸ்க்ரீன் எல்லாம் பாத்தேன், ஓரத்துல ஒரே ஒரு புள்ளி இருந்துச்சு, அத காட்டி கேட்டதுல 27 ஆயிரத்து ஐநூறுக்கு குடுத்தாங்க. வாங்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை நேரா எடுத்தனூர் போனோம். கோவிவன்ங்கிற நாய் தன் எசமான் செத்தப்புறமும் ரெண்டு கள்ளன கடிச்சு காவல் நின்னுச்சுன்னு எழுதி வச்ச கல்லு, மகேந்திரவர்மன் காலத்தது, அதுல இருந்தே ஆரம்பிப்போம்னு தோணுச்சு. போர்வைக்கு என் வேட்டி, கண்ணாடிக்கு வீட்டு பீரோல இருந்து கழட்டுன கண்ணாடி. எடது பக்கம் இருந்து ஒளி உரசுனதும் எங்களுக்கு பேச்சே வரல, இத்தனை வருஷமா பாத்த கல்லுதான், அந்த நாயோட உருவத்துக்கு பக்கத்துல இருக்க எழுத்து ஒவ்வொண்ணா எழும்பி வந்துச்சு. ஊர்ப் பாட்டி ஒருத்தங்க வந்து நின்னு பாத்துட்டு "இதுல இவ்ளோ எழுதியிருக்கா"ன்னு கேட்டாங்க. நாலு பக்கமும் மாத்தி எடுத்திருக்கேன். வ்யூஃபைண்டர் இல்லாம அந்த வெயில்ல முடிஞ்சிருக்காது, பல்லாவரம் சாருக்கு தனி நன்றி.

இப்ப ஒரு சந்தேகம், ரா ஃபைல் என் கம்ப்யூட்டர்ல திறக்கவே மாட்டேங்குது, காசு குடுத்து சாஃப்ட்வேர் வாங்கணுமா?

பல்லாவரம்_பாக்கெட்கேமரா:

வேணாம் சார், டார்க்டேபிள் இல்லன்னா ராதெரபி ரெண்டுல ஒண்ண போட்டுக்குங்க, ரெண்டுமே இலவசம், சோனி ரா ஃபைல நல்லா திறக்கும். திறந்ததும் கலர முழுசா எடுத்துட்டு கருப்பு வெள்ளையாக்கி கான்ட்ராஸ்ட் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி பாருங்க. ஷார்ப்னெஸ்ஸ தொடாதீங்க. அந்த நாலு படத்தயும் இங்க போடுங்க, ஐயாவும் பாக்கட்டும்.