பைன் ஊசியிலைகளில் கறுப்புப் புள்ளிகள்: லோஃபோடெர்மியம் பூஞ்சையா?

கேள்வி: பைன் மரத்தடியில் உதிர்ந்துள்ள பழுப்பு ஊசியிலைகளில், நீளவாக்கில் நடுவே பிளவுபட்ட சிறு கறுப்பு நீள்வட்டங்களும், இலையைக் குறுக்காகச் சுற்றிய மெல்லிய கருங்கோடுகளும் தெரிகின்றன. இது லோஃபோடெர்மியமா? மரத்திற்கு ஆபத்து உண்டா?

பதில் 1: அந்தப் பேரினமாகவே தோன்றுகிறது, கருங்கோடுகள் மிகுந்திருப்பதால் லோஃபோடெர்மியம் பினாஸ்ட்ரி என்ற இனமாக இருக்கலாம். உயிருள்ள இலைக்குள் அறிகுறியின்றித் தங்கியிருந்து, இலை மூப்படைந்து உதிரும்போதே அது கனியுடல்களை (வித்துகளைத் தரும் அந்தக் கறுப்பு நீள்வட்டங்களை) உருவாக்குவதால், வளர்ந்த மரத்திற்குப் பெரும்பாலும் தீங்கில்லை. உதிர்ந்த இலைகளை மக்கச் செய்வதிலும் அதற்குப் பங்குண்டு என்பதை நாம் மறக்கக் கூடாது.

பதில் 2: மேலே சொன்னது சரியே. ஆனால் 1978இல் தனி இனமாக விவரிக்கப்பட்ட லோஃபோடெர்மியம் செடிடியோசம், இளங்கன்றுகளின் இலைகளைப் பெருமளவில் உதிர்க்கக்கூடிய நோய்க்காரணி. அதில் கருங்கோடுகள் அரிதாகவே காணப்படும். அருகில் நாற்றங்கால் உள்ளதா?

கேள்வி கேட்டவர்: உள்ளது ஐயா, கன்றுகள் பச்சையாகவே இருக்கின்றன.

பதில் 2: நல்லது. ஈரப்பதத்தில்தான் பிளவு விரிந்து, இழை போன்ற வித்துகள் காற்றில் பரவும். ஆகவே கன்றுகளிடையே காற்றோட்டம் இருக்கட்டும்.