புதுப்பிப்பு: போக்கர்ல ஜோடி ஜாக்கி வந்தா என்ன பண்றது?

20 பிளைண்ட் (சீட்டுப் போடுறதுக்கு முன்னாடி கட்டாயமா வைக்கிற பந்தயம்) அளவுக்குத்தான் சிப்ஸ் மிச்சம், கையில ஜோடி ஜாக்கி, முன்னாடி ஒருத்தர் பந்தயத்தை ஏத்திட்டார், கால் பண்ணலாமா (அதே அளவு போட்டுத் தொடரலாமா), ஆல்-இன்னா (மொத்தத்தையும் வைக்கவா)ன்னு கேட்டிருந்தேன்ல? ஆல்-இன்னுன்னுதான் நிறைய பேர் சொன்னீங்க.

நேத்து தங்கச்சிமடத்துல அதே நிலைமை. தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில. காசு வைக்கல, சிப்ஸுக்குச் சோழி. மாப்ள ஏத்தினான், மொத்தத்தையும் தள்ளிட்டேன். அவன் மட்டும் கால் பண்ணான், மத்தவங்க சீட்டை மடக்கிட்டாங்க, அதுதான் வேணும். ஃப்ளாப்புல (மேசையில முதல்ல விரிக்கிற மூணு பொதுச் சீட்டு) ராணியோ அதுக்கு மேலயோ ஒண்ணாவது விழ 57 சதவீத வாய்ப்பு. கூட்டத்தை உள்ள விட்டா ஜாக்கி திணறிடும்.

அவன்கிட்ட ஏஸ்-ராஜா. சுமார் 57க்கு 43, எனக்குத்தான் சாதகம். அஞ்சாவது சீட்டுல ராஜா விழுந்து நான் வெளியே. (மாப்ள சோழியை அள்ளின அழகை நீங்க பாத்திருக்கணும்.) அடுத்த தடவையும் தள்ளத்தான் போறேன்.

100 பிளைண்ட் இருந்தா? அப்ப கால் பண்ணி ஃப்ளாப் பாத்துக்கலாம்.