அயன் குரோமற்றோகிராஃப் கணினியிலிருந்து பகிர்வுக் கோப்புறைக்கு முடிவுகள் போகவில்லை: உதவி தேவை

கிணற்றடி:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் சிறிய நீர்ப் பரிசோதனை ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். வலிகாமத்துக் கிணற்று நீரில் நைத்திரேற்று, குளோரைட்டு, புளோரைட்டு ஆகியவற்றை அயன் குரோமற்றோகிராஃப் என்ற கருவியால் அளக்கிறோம். கருவியோடு இருக்கும் கணினி விண்டோஸ் 10. அறிக்கை தயாரிக்கும் கணினி முன் அறையில் இருக்கிறது, விண்டோஸ் 11.

இதுவரை முடிவுகள் அடங்கிய சிஎஸ்வி கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துச் சென்றோம். சென்ற மாதம் அதில் வைரஸ் தொற்றி இரண்டு நாள் வேலை நின்றது. பிறகு திரையைப் பார்த்துக் கையால் பதிந்தோம். 84 என்பதை நான் 48 என்று பதிந்துவிட்டேன். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அந்தக் கிணற்று வீட்டில் கைக்குழந்தை ஒன்று இருக்கிறது. அறிக்கை கையை விட்டுப் போகுமுன் பிடித்துவிட்டோம், ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே முன் அறைக் கணினியில் ஒரு கோப்புறையைப் பகிர்ந்தேன். கருவிக் கணினியிலிருந்து திறந்தால் 0x80070035, வலையமைப்புப் பாதை கிடைக்கவில்லை என்கிறது. சில காலைகளில் மட்டும் திறக்கிறது, பிறகு மறைந்துவிடுகிறது. இரு கணினிகளிலும் வலையமைப்பைத் தனிப்பட்டது என்றே வைத்திருக்கிறேன். தீச்சுவரை (ஃபயர்வால்) சற்று நேரம் நிறுத்தியும் பார்த்தேன், மாற்றமில்லை.

தட்டிவான்:

விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையை இயக்குங்கள். எங்கள் அலுவலகத்தில் பழைய ஸ்கேனருக்கு அப்படித்தான் செய்தோம்.

பனங்கூடல்:

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழையவற்றுக்குத்தான் எஸ்எம்பி1 வேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டும் அதன் புதிய பதிப்பான எஸ்எம்பி3 பேசும். 2017 மே மாதம் பிரித்தானிய மருத்துவமனைகளை முடக்கிய வான்னாக்ரை என்ற தீம்பொருள் அந்தப் பழைய எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது அது சேர்க்கப்படுவதில்லை. வைரஸ் தொற்றிய அனுபவம் உள்ள இடத்தில் அந்தக் கதவைத் திறக்கவே கூடாது.

தங்கச்சி, திறக்கும் அந்தக் காலைகளில் கருவி ஓடிக்கொண்டிருந்ததா, நிறுத்தியிருந்ததா? அந்தக் கணினியில் எத்தனை வலையமைப்பு அட்டைகள் இருக்கின்றன? ஒவ்வொன்றின் ஐபி முகவரியையும் எழுதுங்கள்.

கிணற்றடி:

நீங்கள் கேட்டபின் சோதித்துப் பார்த்தேன் அண்ணா. கருவி நிறுத்தியிருந்தால் கோப்புறை திறக்கிறது, இயக்கினால் போய்விடுகிறது! இரண்டு அட்டைகள் உள்ளன. கருவிக்குப் போகும் அட்டையின் முகவரி 192.168.1.10. ரவுட்டருக்குப் போகும் அட்டை 192.168.1.34. முன் அறைக் கணினி 192.168.1.22. மூன்றுக்கும் வலை மறைப்பு (சப்நெட் மாஸ்க்) 255.255.255.0.

பனங்கூடல்:

பிழை அங்கேதான் இருக்கிறது. இரண்டு அட்டைகளும் 192.168.1 என்ற ஒரே வலையில் நிற்கின்றன. 22ஆம் முகவரியைத் தேடும் கணினிக்கு எந்தக் கம்பி வழியாகப் போவது என்று இரண்டு வழிகள் தெரிகின்றன. உங்கள் கணினி கருவியின் கம்பியைத் தேர்ந்தெடுக்கிறது, அங்கே 22 என்று யாரும் இல்லை. கருவியை நிறுத்தினால் அந்த இணைப்பு அறுந்து ஒரே வழி மிஞ்சுகிறது, அதனால் கோப்புறை திறக்கிறது.

கருவிப் பக்க முகவரியைத் தொடாதீர்கள். அதை மாற்றினால் மென்பொருள் கருவியை இழக்கும், பிறகு பொறியியலாளரைக் கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். ரவுட்டரின் உள் முகவரியை 192.168.50.1 என்று மாற்றுங்கள். கருவிக்குப் போகும் அட்டையில் கேட்வே (வெளியே போகும் வாசல் முகவரி) இடம் வெறுமையாகவே இருக்கட்டும். அச்சுப்பொறிக்கு நிலையான முகவரி கொடுத்திருந்தால் அதையும் மாற்ற மறக்க வேண்டாம்.

கிணற்றடி:

மாற்றிவிட்டேன். கருவி ஓடும்போதே கோப்புறை திறக்கிறது, மிக்க நன்றி அண்ணா. ஆனால் கருவியின் மென்பொருளில் தானியங்கி ஏற்றுமதிக்கு, அந்தப் பகிர்வுக் கோப்புறைக்கு நான் வைத்த இசட் டிரைவைக் கொடுத்தால் பாதை இல்லை என்கிறது. அதே இசட் டிரைவை நான் சுட்டியால் திறந்தால் திறக்கிறது.

கற்கண்டு:

எங்கள் இடத்திலும் இதே தொல்லை இருந்தது. ஏற்றுமதிப் பகுதி விண்டோஸ் சேவையாகப் பின்னணியில் ஓடுகிறதா பாருங்கள். டிரைவ் எழுத்து அதை உருவாக்கிய பயனரின் அமர்வுக்கு மட்டுமே உரியது, சேவைக்குத் தெரியாது.

பனங்கூடல்:

சரியாகச் சொன்னார். முழுப் பாதையைக் கொடுத்தாலும் சேவை கணினியின் உள் கணக்கில் ஓடுவதால் முன் அறைக் கணினி அதை ஏற்காது. அதற்காக எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்துவிடாதீர்கள்.

நான் விரும்பும் வழி வேறு. மென்பொருள் தன் வட்டிலேயே, டி டிரைவில் ஒரு கோப்புறைக்கு எழுதட்டும். அங்கிருந்து விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற பிரதிக் கட்டளையைக் கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பகிர்வுக் கோப்புறைக்குப் பிரதி எடுங்கள், இசட் என்று கொடுக்காமல் முழுப் பாதையோடு. மின்வெட்டு வந்தாலும் ரவுட்டர் நின்றாலும் மூலக் கோப்பு கருவிக் கணினியில் பத்திரமாக இருக்கும், இணைப்பு வந்ததும் விடுபட்டவை தாமாகப் போய்ச் சேரும்.

இதற்கென்று இரு கணினிகளிலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல்லோடு சாதாரணப் பயனர் ஒருவரை உருவாக்குங்கள். கடவுச்சொல் வெறுமையாக இருந்தால் விண்டோஸ் வலைவழி நுழைய விடாது. விண்டோஸ் PIN எண்ணும் அந்தக் கணினியில் நுழைய மட்டுமே உதவும். பகிர்வு அனுமதி, கோப்புறையின் பாதுகாப்பு அனுமதி இரண்டிலும் அந்தப் பயனருக்கு எழுதும் உரிமை வேண்டும், இரண்டில் இறுக்கமானதே செல்லும். விண்டோஸின் பணி திட்டமிடலில் (Task Scheduler) இந்தப் பிரதிப் பணியை அந்தப் பயனரின் பெயரில், யாரும் உள்நுழையாதபோதும் ஓடும்படி, கடவுச்சொல்லைச் சேமித்து வையுங்கள்.

ரோபோகாப்பியில் இரண்டு எச்சரிக்கைகள். மிரர் தெரிவைப் போடாதீர்கள், மூலத்தில் தவறி அழித்தது அடுத்த ஓட்டத்தில் பிரதியிலும் அழிந்துவிடும். அடுத்தது, பிரதி எடுக்க முடியாத கோப்பை அது இயல்பில் 30 வினாடி இடைவெளியில் பத்து லட்சம் தடவை மீண்டும் முயலும். மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பில் சிக்கினால் அங்கேயே நின்றுவிடும். மீள்முயற்சி 3, இடைவெளி 10 வினாடி என்று குறித்துவிடுங்கள்.

கிணற்றடி:

மூன்று நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். நேற்றுப் பிற்பகல் மின்சாரம் போனது. கருவியும் அதன் கணினியும் யூபிஎஸ்ஸில் நின்றன, ரவுட்டர் நின்றுவிட்டது. மின்சாரம் திரும்பி ஒன்பதாவது நிமிடத்தில் இடையில் ஓடிய மாதிரிகளின் கோப்புகள் அனைத்தும் முன் அறைக்கு வந்திருந்தன. ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டேன், ஓர் எழுத்தும் மாறவில்லை.

அந்தக் கைக்குழந்தை வீட்டுக் கிணற்று நீரை மீண்டும் எடுத்து வந்து இன்று அளந்தோம். 81. யாரும் கையால் தொடாத எண் அது. மாலையில் நானே நேரில் போய், அந்த நீரில் பால்மா கரைக்க வேண்டாம் என்றும், கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது என்றும் தாயிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

முகவரிகளை ஒரு தாளில் எழுதி ரவுட்டருக்கு மேலே ஒட்டியிருக்கிறேன், அண்ணா.