ஒரு அரியர், ஒரு பறவை வலைப்பூ, மூன்று வெப்சைட் வேலை: எதை நிறுத்துவது?

குளத்தங்கரையான் கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஈசிஇ (எலெக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) மூன்றாம் ஆண்டு. ஐந்தாவது செமஸ்டர் ஓடுகிறது. மூன்றாவது செமஸ்டரில் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் அரியர் விழுந்தது. ஏப்ரல்-மே தேர்வில் மறுபடி எழுதினேன், அப்போதும் வரவில்லை. வருகிற நவம்பரில் மூன்றாவது தடவை. மற்ற பாடங்கள் எல்லாம் தேறிவிட்டேன். ஆனால் கேம்பஸுக்கு வருகிற கம்பெனிகளில் பல, அரியர் நிலுவையில் இருந்தால் பெயரையே எடுத்துக்கொள்வதில்லை. அடுத்த வருஷம் இந்நேரம் நான் அந்த வரிசையில் நிற்க வேண்டியவன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த விடுமுறையில் பிளாக்கரில் பறவைகளைப் பற்றி ஒரு வலைப்பூ தொடங்கினேன். அம்மா ஊர் மூலைக்கரைப்பட்டிப் பக்கம். அங்கிருந்து கூந்தன்குளம் சைக்கிள் மிதிக்கிற தூரம். 1994-ல் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள் பறவைகளை வீட்டுப் பிள்ளை மாதிரிதான் பார்க்கிறார்கள். தெருவோரக் கருவேல மரத்தில் மஞ்சள் மூக்கு நாரை கூடு வைத்திருக்கும், அதே நிழலில் ஆட்டைக் கட்டியிருப்பார்கள். போன வருஷம் கூட்டிலிருந்து விழுந்த ஒரு குஞ்சை ஒரு பாட்டி முந்தானையில் பொதிந்து எடுத்து வந்தார். அது வாயைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தது, சத்தமே வரவில்லை. அன்று ராத்திரி எழுதியதுதான் என் பதிவுகளிலேயே அதிகம் பேர் படித்தது. இதுவரை 112 பதிவு ஆகியிருக்கிறது. பார்க்கிற பறவைகளை இ-பேர்ட் என்கிற பறவைக் கணக்குத் தளத்திலும் ஏற்றுகிறேன்.

போன வருஷம் அதைச் சொந்த டொமைனுக்கு, வேர்ட்பிரஸுக்கு மாற்றினேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்தவர்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கத் தொடங்கினேன். ஒரு கல்யாண மண்டபம், ஒரு அரிசிக் கடை, ஒரு டியூஷன் சென்டர். ஒன்றுக்கு நாலாயிரத்திலிருந்து ஆறாயிரம் வரை வரும். அம்மா தையல் வேலை பார்க்கிறார், அப்பா இல்லை. பஸ் செலவும் தேர்வுக் கட்டணமும் இந்தப் பணத்தில்தான் போகிறது. வலைப்பூவில் ஆட்சென்ஸும் உண்டு, கூகுள் விளம்பரம் போட்டுப் பணம் தருகிற திட்டம். பத்து டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கப் பின் எண்ணோடு ஒரு தபால் வந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும், இன்னும் பாதிகூட ஆகவில்லை.

முதல் தடவை அரியர் விழுந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். தேர்வுக்கு முந்தின ராத்திரி ஒன்பதரை மணிக்கு மண்டப ஓனர் போன். "தம்பி, தை முகூர்த்தத்துக்கு ஆள் விசாரிக்க ஆரம்பிச்சாச்சு, சாப்பாட்டு ஹால் போட்டோ பூரா கோணலா நிக்குது, காலைக்குள்ள சரி பண்ணிரு" என்றார். சைட்டில் சேர்த்திருந்த ஒரு பிளக்இன்னை (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்) அப்டேட் செய்தேன், சைட் மொத்தமும் வெள்ளையாகிவிட்டது. அதைத் தூக்கி நிறுத்தும்போது மணி இரண்டரை. காலையில் ஹாலில் இசட் டிரான்ஸ்ஃபார்ம் கணக்கைப் பார்க்கிறேன், எண்கள் எல்லாம் மிதக்கின்றன.

இப்போது சித்தப்பா, வேலை கிடைக்கிற வரைக்கும் எல்லாவற்றையும் நிறுத்து என்கிறார். அவர் என்மேல் அக்கறையாகத்தான் சொல்கிறார். ஆனால் வலைப்பூவை நிறுத்துவதை நினைத்தாலே எனக்கு வயிறு பிசைகிறது. படித்துக்கொண்டே இப்படி ஏதாவது செய்தவர்கள், என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

*

பழைய ஈசிஇக்காரி:

தம்பி, நானும் நெல்லைதான். 2016-ல் முடித்தேன், இப்போது சென்னையில் வேலை. படிக்கிற காலத்தில் கோலம் பற்றி ஒரு வலைப்பூ வைத்திருந்தேன். புள்ளிக் கோலம், சிக்குக் கோலம், எங்கள் ஆச்சி போடுகிறவை எல்லாம் படம் எடுத்துப் போடுவேன். கடைசி வருஷம் வீட்டில் சொன்னார்கள் என்று நிறுத்தினேன். அந்த நேரத்தில் படித்தேனா என்றால் இல்லை, அது முழுக்கப் போனில் போய்விட்டது. அடுத்த மார்கழியில் ஆச்சி தவறிவிட்டார். நான் படம் எடுக்காமல் விட்ட கோலங்கள் அவரோடு போயின. அதனால் இந்த விஷயத்தில் நான் நடுநிலையானவள் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படி.

உன் கதையையே திரும்ப ஒருமுறை வாசித்துப் பார். தேர்வுக்கு முந்தின ராத்திரி உன்னைத் தூங்கவிடாமல் செய்தது நாரையா, மண்டபமா? வலைப்பூவுக்கு ஒரு வாரம் நீ போகாவிட்டால் யாரும் ஒன்பதரை மணிக்குப் போன் செய்யப் போவதில்லை. அடுத்தவர் குறித்த நாளுக்கு முடித்துக் கொடுக்க வேண்டிய வேலைதான் உன் செமஸ்டரைத் தின்கிறது. தை முகூர்த்தத்துக்காக அவர்கள் அவசரப்படுவது நவம்பரில், உனக்குத் தேர்வும் நவம்பரில். இந்த மோதல் ஒவ்வொரு வருஷமும் வரும்.

பணம் வேண்டும் என்பது புரிகிறது, அதை லேசாக எடுத்துக்கொண்டு சொல்லவில்லை. புது வேலையை டிசம்பர் பாதிக்கு மேலும், மே கடைசிக்கு மேலும் மட்டும் எடுத்துக்கொள். இருக்கிற மூன்று பேரிடமும் இப்போதே நேரில் போய்ச் சொல்லிவிடு: "அண்ணாச்சி, அக்டோபர் 20-லிருந்து பரீட்சை முடிகிற வரைக்கும் சைட்டில் கை வைக்க மாட்டேன், மாற்ற வேண்டியதை இப்பவே சொல்லிருங்க." போனில் சொன்னால் நிற்காது. நம்ம ஊரில் நேரில் போய், காபி குடித்துவிட்டுச் சொன்னால்தான் நிற்கும்.

அப்புறம் அந்த வேர்ட்பிரஸ். சொந்த ஹோஸ்டிங்கில் வைத்தால் அப்டேட், பேக்கப், ஸ்பேம் எல்லாம் உன் தலையில். ஒரு ஆள் எழுதுகிற பறவை வலைப்பூவுக்கு அது எதற்கு? பிளாக்கருக்கே திரும்பிப் போ, உன் டொமைனை அதிலேயே இணைத்துக்கொள்ளலாம். டொமைனைப் புதுப்பிக்கிற செலவோடு முடிந்தது, ஹோஸ்டிங் கட்டணம் மிச்சம். பதிவு வெளியாக வேண்டிய தேதியை முன்கூட்டியே குறித்து வைக்கிற வசதியும் அதில் உண்டு. தீபாவளி லீவில் நாலு பதிவு எழுதி, பரீட்சை மாதத்துக்கு வாரம் ஒன்றாகக் குறித்து வைத்துவிட்டால் நீ உள்ளே போகவே வேண்டாம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்கிற பக்கத்தை மட்டும் திறக்காதே. எனக்கு எழுதுவதைவிட அதில்தான் அதிக நேரம் போனது.

*

கரும்பலகை:

தம்பி, நான் இந்தப் பாடத்தை ஒன்பது வருஷமாக நடத்துகிறேன், வேறு மாவட்டத்தில். மேலே அவர்கள் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், அதைத் திரும்பச் சொல்லவில்லை. எனக்கு உன் கடிதத்தில் பட்டது வேறு. பறவைச் சத்தத்துக்கு இவ்வளவு காது கொடுக்கிற பையனுக்கு சிக்னல்ஸ் வரவில்லை என்றால், நாங்கள் அந்தப் பாடத்தைச் சரியாகக் காட்டவில்லை என்று அர்த்தம். இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று செய். போனில் ஒரு குயிலைப் பதிவு செய், ஒரு தேன்சிட்டையும் செய். வேவ் ஃபைலாகச் சேமிக்கிற ஆப் பார்த்துக்கொள். போனோடு வருகிற ரெக்கார்டர்களில் சில, மனிதக் குரல் இல்லாததை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும். ஆடாசிட்டி இலவசம், அதில் ஃபைலைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்று. குயில் கூவக் கூவச் சுருதி ஏறுகிறதல்லவா, அது படிக்கட்டு மாதிரி கண்ணுக்குத் தெரியும். புத்தகத்தில் ஃபூரியே டிரான்ஸ்ஃபார்ம் என்று இருக்கிறதே, அதைச் சின்னச் சின்னத் துண்டுக்குத் தனித்தனியாகப் போட்டு அடுக்கினால் வருகிற படம்தான் இது.

அடுத்து, இரண்டு ஃபைலையும் 8000 ஹெர்ட்ஸுக்கு ரீசாம்பிள் செய்து கேள், அதாவது ஒலியை நொடிக்கு 8000 தடவை மட்டும் அளந்ததாக மாற்று. குயில் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், தேன்சிட்டின் கீச்சு பெரும்பாலும் காணாமல் போகும். நைக்விஸ்ட் சொன்னபடி 8000-ல் பாதி, அதாவது 4000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு மேல் உள்ள எதுவும் நிற்காது. மனிதக் காது 20,000 வரை கேட்கும், அதன் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே வைத்ததுதான் சிடியின் 44,100. சாம்பிளிங் தியரத்தை ஒரு தடவை காதால் கேட்டவன் மறக்க மாட்டான்.

கன்வலூஷன் வரவில்லை என்றால் கிணற்றுக்குப் போ. உள்ளே எட்டிப் பார்த்து ஒரே ஒரு கைத்தட்டல். திரும்பி வருகிற எதிரொலி வரிசைதான் அந்தக் கிணற்றின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். இப்போது உன் பெயரைக் கூப்பிடு. உன் குரலின் ஒவ்வொரு துணுக்கும் அதே வரிசையில் எதிரொலித்து ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் கிடைப்பது கன்வலூஷன். நோட்டில் ஒரு வரிசையைத் திருப்பிப் போட்டு நகர்த்தி நகர்த்திப் பெருக்கினாயே, அது இந்தக் கூட்டலைத்தான் செய்கிறது.

இதை உன் வலைப்பூவில் தமிழில் எழுதினால் என் மாணவர்களுக்கு நானே அனுப்புவேன். இன்னொன்று, அரியர்தானே என்று கடைசி வாரம் வரை தள்ளிவைக்காதே. நடப்புப் பாடங்களுக்கு உன் ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதிகளில்) இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. அந்த நாற்பதைச் செப்டம்பர், அக்டோபரிலேயே சேர்த்துவிட்டால் நவம்பரில் அரியருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

*

மூணு அரியர் முடித்தவன்:

சார் சொன்னது ரொம்ப அழகு, நான் படிக்கும்போது யாராவது கிணற்றைக் காட்டியிருக்கலாம். ஆனாலும் தம்பி, ஒரு எச்சரிக்கை. ஸ்பெக்ட்ரோகிராம் பதிவு எழுதுகிறேன் என்று பத்து நாள் அதிலேயே உட்கார்ந்துவிடாதே. நானும் புரிந்துகொண்டுதான் படிப்பேன் என்று வீடியோ வீடியோவாகப் பார்த்து ஒரு செமஸ்டரைத் தொலைத்தவன். கேள்வித்தாளில் வருவது கணக்கு. லாப்லாஸ், இசட், பார்ஷியல் ஃபிராக்ஷன், ஆர்ஓசி (விடை எந்த மதிப்புகளுக்குச் செல்லும் என்கிற எல்லை). பழைய கேள்வித்தாள் ஐந்தை எடு, தினம் காலையில் ஒரு பெரிய கணக்கு, விடையைப் பார்க்காமல். நாற்பது நாளில் நாற்பது கணக்கு. கையால் போடு. எனக்கு மூன்றும் ஒரே தடவையில் போனது இப்படித்தான்.

*

குளத்தங்கரையான்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, உங்கள் ஆச்சி கோலங்கள் இன்னும் இணையத்தில் இருந்தால் சுட்டி கொடுங்கள், எங்கள் அம்மாவுக்குக் காட்ட வேண்டும்.

சனிக்கிழமை மண்டபத்துக்கு நேரில் போனேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "பரீட்சைன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏன்டே போன் பண்ணப் போறேன்" என்றார். நான் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கல்யாண போட்டோக்கள் மொத்தத்தையும் உடனே ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார். அரிசிக் கடையும் சரி என்றுவிட்டது. டியூஷன் சென்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வேலையை ஐடி படிக்கிற என் நண்பனுக்கு மாற்றிவிட்டேன், இரண்டாயிரம் ரூபாய் போனது. அம்மாவிடம் சொன்னேன், தீபாவளிக்கு ரவிக்கைத் தையல் நிறைய வந்திருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

பிளாக்கருக்குத் திரும்புகிற வேலையை இப்போது தொடவில்லை. 112 பதிவுகளின் படங்களையும் சரிபார்க்க வேண்டும், டிசம்பரில் செய்துகொள்கிறேன். புதுப் பதிவு நாலில் இரண்டு எழுதிக் குறித்து வைத்தாயிற்று. வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலை ஆறிலிருந்து ஒன்பது வரை மட்டும் குளம் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். முழு மனதாக இல்லை, ஆனால் தலையாட்டினார்.

சார், குயில் படிக்கட்டு தெரிந்தது! ஒன்பது படி. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தேன்சிட்டும் நீங்கள் சொன்னபடியே காணாமல் போனது. கிணற்றில் கைதட்டியதில் உள்ளே இருந்த மாடப்புறா நாலு பறந்து வந்து என்னைப் பதறடித்துவிட்டது, அதைப் பதிவில் எழுதுவேன். ஆனால் பதிவு டிசம்பரில்தான். அண்ணன் சொன்ன மாதிரி காலைக் கணக்கு தொடங்கிவிட்டேன், இன்று ஏழாவது. நாலு சரி, மூன்றில் ஆர்ஓசி தப்பு.

ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வரும், 2011-லிருந்து நடக்கிறது. இந்த முறை கலந்துகொள்ளப் பெயர் கொடுக்கப் போகிறேன். வரித்தலை வாத்துகளும் அதற்குள் வந்திருக்கும். ஏழாவது கணக்கின் போட்டோவை கீழே போட்டிருக்கிறேன், சார், மூன்றாவது வரியில் நான் எடுத்த ஆர்ஓசி ஏன் தப்பு என்று நேரம் இருக்கும்போது பார்த்துச் சொல்லுங்கள்.